காலுக்கு 40 சதவீதம், பிழைப்புக்கு எவ்வளவு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இழப்பீடு தராத அரசுப் பேருந்து ஜப்தி’ என்ற செய்தி உங்கள் நாளிதழில் அடிக்கடி வருகிறது. பேருந்துக்குப் பக்கத்தில் நீதிமன்ற ஊழியரான அமீனா நிற்கும் படம், ஊர், தொகை ஆகிய மூன்றும் இருக்கும். அந்தத் தொகை எப்படி வந்தது என்பது மட்டும் இருக்காது. ஒரே மாதிரி கால் முறிந்த இருவரில் ஒருவருக்கு 3 லட்சமும் மற்றவருக்கு 30 லட்சமும் கிடைத்ததாகப் படிக்கும் வாசகருக்கு இது அதிர்ஷ்டக் கணக்காகத்தான் தெரியும். அதில் அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு. பெரும்பாலும் விபத்து நடந்த முதல் சில வாரங்களில் எந்தக் காகிதம் எப்படி எழுதப்பட்டது, பிறகு மருத்துவரிடம் எந்தக் கேள்வி கேட்கப்பட்டது என்பதிலேயே தொகை முடிவாகிவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்காக வாதாடும் வழக்கறிஞரின் உண்மையான வேலை அங்கேதான் இருக்கிறது. அதைப் பற்றி வாசகர்களுக்கு விரிவாகச் சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 34 வயதான ஒரு கொத்தனார், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டதாக வைத்துக்கொள்வோம். பிரனய் சேத்தி வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2017இல் சொன்னபடி, 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழில் செய்பவருக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்க வேண்டும். மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. சரளா வர்மா வழக்கின் 2009ஆம் ஆண்டுத் தீர்ப்பில் உள்ள அட்டவணைப்படி 31 முதல் 35 வயது வரை பெருக்கெண், அதாவது ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண், 16. ஆக, முழு உழைப்புத் திறனும் போய்விட்டால் 40,32,000 ரூபாய்.

அவருக்கு வலது முழங்காலில் முறிவு, மூட்டு சரியாக மடங்கவில்லை. மருத்துவ வாரியம் 40 சதவீதம் ஊனம் என்று சான்று தருகிறது. இங்கிருந்து மூன்று பாதைகள் பிரிகின்றன. நம் தீர்ப்பாயங்களில் நெடுங்காலமாக உள்ள ஒரு பழக்கம், ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு என்று மொத்தத் தொகை போடுவது. சதவீதத்துக்கு 5,000 என்று வைத்தால் 2 லட்சம். ஊன சதவீதத்தையே உழைப்பிழப்பாக எடுத்துப் பெருக்கினால் 16,12,800. குந்தி உட்காரவும் சாரம் ஏறவும் முடியாத கொத்தனாருக்கு அந்தத் தொழிலில் மிச்சமிருப்பது மிகக் குறைவு என்று நிரூபித்து, உழைப்பிழப்பு 80 சதவீதம் என்று ஏற்க வைத்தால் 32,25,600. அதே கால், அதே எக்ஸ்ரே, அதே சான்று.

இதற்கான வழியை 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகப் போட்டுக் கொடுத்துவிட்டது. உடல் ஊனம் வேறு, உழைக்கும் திறன் இழப்பு வேறு. இடது கையை இழந்த ஓட்டுநருக்கோ தச்சருக்கோ இழப்பு கிட்டத்தட்ட நூறு சதவீதமாக இருக்கலாம். அதே கையை இழந்த அரசு அலுவலக எழுத்தருக்கு வேலையே போகாமலும் இருக்கலாம். எனவே, விபத்துக்கு முன் இவர் என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது, வேறு தொழிலுக்குப் போக வழி உண்டா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். இவ்வளவு தெளிவான தீர்ப்பு இருந்தும் சதவீதத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில் வழக்குகள் முடிந்துபோவதற்குக் காரணம், அந்தக் கேள்விகளுக்கான பதில் சாட்சியத்தில் ஏறாததுதான். நீதிபதி தன் மனத்திலிருந்து அதை இட்டு நிரப்ப முடியாது.

மருத்துவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றும்போது என்ன தவறுகிறது என்று சொல்கிறோம். சிகிச்சை அளித்த மருத்துவர் வராமல், மனுதாரரை ஒரே ஒரு முறை பார்த்துச் சதவீதம் எழுதிக் கொடுத்தவர் வருகிறார். காப்பீட்டு நிறுவனத்தின் வழக்கறிஞர் குறுக்கு விசாரணையில் மூன்று கேள்விகள் கேட்பார்: ‘நீங்கள் சிகிச்சை அளித்தீர்களா?’ ‘இந்த 40 சதவீதம் காலுக்கா, முழு உடலுக்கா?’ ‘எந்த வழிமுறைப்படி கணக்கிட்டீர்கள்?’ மூன்றுக்கும் தடுமாறினால் அந்தச் சான்று கால்வாசி மதிப்பாகிவிடும். ஒரு உறுப்பின் சதவீதமும் முழு உடலின் சதவீதமும் ஒன்றல்ல என்பதை ராஜ்குமார் தீர்ப்பே சொல்கிறது. ஆகவே முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது, கால் எத்தனை சென்டிமீட்டர் குட்டையாகியிருக்கிறது, தொடைத் தசை மற்றக் காலைவிட எத்தனை சென்டிமீட்டர் வற்றியிருக்கிறது, எலும்பு நேராகக் கூடியிருக்கிறதா, கோணலாகக் கூடியிருக்கிறதா என்ற அளவுகள் சான்றிலேயே இருக்க வேண்டும். புதிதாக எடுத்த எக்ஸ்ரே ஃபிலிமும் கூடவே இருக்க வேண்டும். அறிக்கை மட்டும் போதாது.

அதன் பிறகு தொழிலைப் பற்றிய கேள்விகள். ஏணியில் ஏறி நிற்க முடியுமா? சிமென்ட் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படி ஏற முடியுமா? அரை மணி நேரம் குந்தி உட்கார்ந்து தரை பூச முடியுமா? ஒவ்வொன்றுக்கும் மருத்துவர் சொல்லும் ‘முடியாது’ தீர்ப்பில் ஒரு வரியாக வரும். உழைப்பிழப்பு எத்தனை சதவீதம் என்பதை மருத்துவரிடம் கேட்கக் கூடாது. அது தீர்ப்பாயத்தின் முடிவு. மருத்துவர் உடலைப் பற்றிப் பேசட்டும், கூட வேலை செய்த மேஸ்திரி வேலையைப் பற்றிப் பேசட்டும்.

எப்போது மதிப்பிடுவது என்பதிலும் அவசரம் கெடுதலே செய்யும். எலும்பு கூடுவதற்கு முன், பிசியோதெரபி முடிவதற்கு முன் வாங்கிய சான்றில் சதவீதம் கூடுதலாக இருக்கும். எதிர்த்தரப்பு மறுபரிசோதனை கேட்கும். இரண்டாவது சான்றில் குறைந்துவிட்டால் முதலாவதே பொய் என்ற எண்ணம் உண்டாகும். உள்ளே பிளேட், ஸ்க்ரூ இருந்தால் அதை எடுக்க ஆகும் செலவுக்கு அறுவை சிகிச்சை மருத்துவரிடம் எழுத்தில் மதிப்பீடு வாங்கி வைக்க வேண்டும். வாங்காவிட்டால் எதிர்கால மருத்துவச் செலவு என்ற தலைப்பில் பெரிதாக எதுவும் வராது.

தலைக்காயம் தனிக் கவலை. முறிந்த எலும்பு படத்தில் தெரியும். மறதியும் திடீர்க் கோபமும் வாசனை தெரியாமல் போனதும் தெரிவதில்லை. ஆறு மாதம் கழித்து எடுத்த ஸ்கேன் சாதாரணமாக இருக்கிறது என்ற ஒற்றை வரியை வைத்து இழப்பு இல்லை என்று வாதிடுவார்கள். உளவியல் வல்லுநரிடம் நினைவாற்றல், கவனம் ஆகியவற்றுக்கான சோதனை செய்து அறிக்கை வாங்க வேண்டும். வலிப்பு வந்த ஒவ்வொரு தடவையும் மருத்துவமனைச் சீட்டில் பதிவாக வேண்டும். வீட்டில் இருக்கும் மனைவியோ தாயோ சாட்சி சொல்ல வேண்டும், ஏனெனில் மாற்றத்தை அன்றாடம் பார்ப்பவர்கள் அவர்கள்தான். படுக்கையோடு கிடப்பவரைப் பார்த்துக்கொள்ளும் செலவையும் ஏதோ ஒரு மொத்தத் தொகையாகக் கேட்டுவிட்டு நிறுத்தக் கூடாது. 2020இல் 12 வயதுச் சிறுமி ஒருத்தியின் வழக்கில் உச்ச நீதிமன்றம், இரண்டு உதவியாளர்களுக்கு மாதம் 5,000 வீதம், பெருக்கெண் 18 என்று கணக்கிட்டு உதவியாளர் செலவுக்கு மட்டும் 21,60,000 ரூபாய் வழங்கியது.

இனி முதல் நாளுக்கு வருவோம். அவசர சிகிச்சைப் பிரிவில் எழுதப்படும் விபத்துப் பதிவேடு, எல்லோரும் ‘ஏ.ஆர். காப்பி’ என்று சொல்வது, இந்த வழக்கின் முதல் காகிதம். அடிபட்டவர் மயக்கத்தில் இருப்பார். தூக்கி வந்த வழிப்போக்கர் ‘வண்டியிலிருந்து விழுந்துட்டார்’ என்பார். பணியில் இருப்பவர் ‘தானாக வழுக்கி விழுந்ததாக’ என்று எழுதிவிடுவார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு, லாரியே மோதவில்லை, பிறகு ஏற்பாடு செய்து சேர்க்கப்பட்ட வாகனம் அது என்று காப்பீட்டு நிறுவனம் வழக்கு நடத்தும். குடும்பத்தினர் போய்ச் சேர்ந்ததும் பதிவேட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது அவசியம். மோதிய வாகனம் என்ன வகை, எண் என்ன, எத்தனை மணி, எந்த இடம் என்பதெல்லாம் சரியாக இருக்க வேண்டும். தவறு இருந்தால் பதிவேட்டைத் திருத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம். திருத்திய பதிவேடு இன்னும் பெரிய சந்தேகத்தைக் கிளப்பும். உண்மையில் நடந்ததைக் காவல் நிலையத்தில் புகாராக உடனே எழுதிக் கொடுங்கள். முதலில் தகவல் சொன்னவர் விபத்தை நேரில் பார்க்காதவர் என்பதைப் பின்னால் நிரூபித்துக்கொள்ளலாம். மது வாடை என்று பதிவாகியிருந்தால், ரத்தப் பரிசோதனை எடுத்தார்களா என்று கேளுங்கள். பரிசோதனை இல்லாத வாடைக் குறிப்பு மட்டும் பெரிய ஆதாரம் ஆகாது.

எஃப்.ஐ.ஆர். தாமதமாவது அடுத்த பள்ளம். சிகிச்சைக்காக அலைந்ததால் தாமதம் என்றால் தீர்ப்பாயங்கள் ஏற்கின்றன. ஆனால் அந்தக் காரணம் புகாரிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். விபத்து இடத்துக்கு எதிரே உள்ள கடையிலோ பெட்ரோல் பங்கிலோ கண்காணிப்பு கேமரா இருந்தால் அன்றே கேட்டு வைக்க வேண்டும், ஏனெனில் சில நாட்களில் பழைய பதிவின் மேல் புதியது ஏறிவிடும். மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கையை ஒரு சடங்காக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். எந்த வாகனத்தில் எந்தப் பக்கம் நசுங்கியிருக்கிறது என்று அதில் இருக்கும். பைக்கின் பின்பக்கம் நசுங்கியிருக்கும்போது ‘பைக் ஓட்டியவர் எதிர்த் திசையில் வந்தார்’ என்ற வாதம் நிற்காது. காவல்துறை வரைந்த மாதிரி வரைபடத்தையும், விபத்து இடத்தைப் பார்த்து எழுதிய மகஜரையும் இந்த அறிக்கையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கறிஞரின் முதல் நாள் வேலை. தலைக்கவசம் அணியாததோ ஒரே பைக்கில் மூன்று பேர் போனதோ மட்டும் போதாது. அதனால்தான் விபத்து நடந்தது அல்லது காயம் மிகுந்தது என்று எதிர்த்தரப்பு காட்டினால்தான் இழப்பீட்டைக் குறைக்க முடியும்.

2022 ஏப்ரல் 1 முதல் விதிகள் மாறியிருப்பது இன்னும் பலருக்குத் தெரியவில்லை. விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் காவல்துறை முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்ப வேண்டும். 50 நாளில் இடைக்கால அறிக்கை, 90 நாளில் விரிவான விபத்து அறிக்கை. அதைவிட முக்கியமாக, மோட்டார் வாகனச் சட்டத்தின் 166(3) பிரிவின்படி விபத்து நடந்த 6 மாதத்துக்குள் இழப்பீட்டு மனு போட வேண்டும். இந்த வரம்பை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. அதை நம்பி யாரும் தள்ளிப்போட வேண்டாம். ‘கிரிமினல் கேஸ் முடியட்டும், அப்புறம் போடலாம்’ என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். இரண்டும் தனித்தனி. வட்டியும் மனு தாக்கலான நாளிலிருந்துதான் ஓடுகிறது. மேலே சொன்ன 32,25,600 ரூபாய்க்கு 7.5 சதவீத வட்டி என்றால் ஓர் ஆண்டுத் தாமதத்தின் விலை 2,41,920 ரூபாய். மனுவை விபத்து நடந்த இடத்தில்தான் போட வேண்டும் என்பதில்லை, குடியிருக்கும் ஊரின் தீர்ப்பாயத்திலும் போடலாம்.

மோதிவிட்டு நிற்காமல் போன வாகனம் எது என்றே தெரியாவிட்டால் தீர்ப்பாயம் அல்ல, வருவாய்த் துறை வழியாக விண்ணப்பிக்க வேண்டும்; உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய்.

அமைப்புசாராத் தொழிலாளரின் வருமானத்தை நிரூபிப்பது அடுத்த போராட்டம். விபத்துக்குப் பிறகு லெட்டர்பேடில் வாங்கிய ‘மாதம் 30,000 சம்பளம்’ என்ற சான்று, எழுதிக் கொடுத்தவர் வந்து சாட்சி சொல்லாவிட்டால் வெறும் காகிதம். விபத்துக்குப் பிறகு அவசரமாகப் போட்ட வருமான வரிக் கணக்கும் அப்படியே. கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டை தொழிலை நிரூபிக்கும். வங்கிக் கணக்கில் விழுந்த கூலி, செல்பேசி வழிப் பணப் பரிமாற்றம், ஒப்பந்தக்காரரின் கூலிப் பதிவேடு ஆகியவை தொகையை நிரூபிக்கும். எல்லாமே விபத்துக்கு முந்தைய தேதியில் இருக்க வேண்டும். மருத்துவமனை ரசீதுகளின் அசலை வேறு மருத்துவக் காப்பீட்டுக்குக் கொடுக்க நேர்ந்தால், சான்றளித்த நகலைக் கையில் வாங்கிக்கொண்டுதான் கொடுக்க வேண்டும்.

இறப்பு வழக்குகளில் ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறோம். அடிபட்டு மூன்று நான்கு மாதம் படுக்கையில் இருந்து, புண் சீழ்பிடித்து வீட்டிலேயே இறந்தவரைப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் அடக்கம் செய்துவிட்டால், அந்த மரணத்துக்கும் விபத்துக்கும் தொடர்பு இல்லை என்று வாதிடுவார்கள். உயிரிழப்புக்கான இழப்பீடு கிடைக்க வேண்டிய குடும்பம் காயத்துக்கான தொகையோடு திரும்பிய வழக்குகள் உண்டு. துக்க வீட்டில் இதைச் சொல்வது கொடுமைதான். ஆனாலும் யாராவது ஒருவர் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லியே ஆக வேண்டும்.

காப்பீட்டு பாலிசியை முதல் வாரமே பார்த்துவிட வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் உள்ள பைக்கில் பின்னால் உட்கார்ந்து வந்தவர், தான் வந்த பைக்கின் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்க முடியாது. மோதிய வாகனத்தின் மீதுதான் போக வேண்டும். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் ஊரே ஏறிப் போகும் ‘குட்டி யானை’ போன்ற சரக்கு வண்டிகளில் பயணிப்போருக்குச் சட்டப்படி காப்பீடு இல்லை. வண்டி கவிழ்ந்தால் உரிமையாளரிடம்தான் வசூலிக்க வேண்டும். அவரிடம் இருப்பது அந்த வண்டி ஒன்றாகவே இருக்கும். மறுபக்கம், கேட்காமலே விட்டுப்போகும் பணமும் உண்டு. தானே தவறு செய்து விழுந்து இறந்த வாகன உரிமையாளருக்குத் தீர்ப்பாயத்தில் வழி இல்லாவிட்டாலும், பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநர் தனிநபர் விபத்துக் காப்பீடு சேர்ந்திருந்து, செல்லத்தக்க ஓட்டுநர் உரிமமும் இருந்தால் 15 லட்சம் ரூபாய் கிடைக்கும். பிரீமிய ரசீதில் அதற்கென்று தனி வரி இருக்கும், தேடிப் பாருங்கள்.

கட்டணம் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வரும் இழப்பீட்டில் இத்தனை சதவீதம் என்று பேரம் பேசுவதை இந்திய பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. ஆள் வைத்து வழக்குப் பிடிப்பதும் தடைதான். அப்படியிருந்தும் விபத்துப் பிரிவின் வாசலில் தரகர் நிற்கிறார். வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார். மனுதாரர் பெயரில் கணக்குத் தொடங்கி பாஸ்புக்கையும் ஏ.டி.எம். அட்டையையும் தானே வைத்துக்கொள்கிறார். இழப்பீட்டைப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாக அனுப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025இல் உத்தரவிட்டதன் நோக்கமே அட்டை இன்னொருவர் பையில் இருந்தால் வீணாகிவிடும். பணம் இல்லை என்ற காரணத்துக்காகத் தரகரிடம் போக வேண்டியதும் இல்லை. பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் எவ்வளவு வருமானம் உள்ளவர்களானாலும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வழக்கறிஞர் கேட்கலாம். கணவனை இழந்த பெண்ணுக்கு அந்த உரிமை 1987ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருக்கிறது.

சமரசத்துக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. மக்கள் நீதிமன்றத்தில் முடியும் வழக்கில் மேல்முறையீடு இல்லை, பணம் சீக்கிரம் வரும். ஆனால், கையெழுத்துப் போட்ட பிறகு இரண்டாவது அறுவை சிகிச்சை வந்தால் அதற்கும் வழி இல்லை. எனவே காயம் ஆறி முடிந்திருக்கிறதா, பெருக்கெண் கணக்குப்படி நம் வழக்கின் மதிப்பு எவ்வளவு என்ற இரண்டும் தெரிந்த பிறகே பேச்சுக்கு உட்கார வேண்டும். அந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதித் தரும்படி உங்கள் வழக்கறிஞரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, எழுதித் தருவது அவர் கடமை.

ஆசிரியர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஜப்திச் செய்தி வெளியிடும்போது தீர்ப்பிலிருந்து நான்கு விவரங்களைச் சேர்த்துப் போடுங்கள்: ஏற்கப்பட்ட மாத வருமானம், மருத்துவர் சொன்ன ஊன சதவீதம், தீர்ப்பாயம் ஏற்ற உழைப்பிழப்பு சதவீதம், பெருக்கெண். தீர்ப்பின் நகலில் இவை சில வரிகளுக்குள் அடங்கிவிடும். செய்தியின் அடியில் 6 மாத வரம்பையும் ஒரு வரியாகச் சேர்த்தால், அன்று அவசர சிகிச்சைப் பிரிவின் வெளியே காத்திருக்கும் ஏதோ ஒரு குடும்பத்தின் கண்ணில் அது படும்.

இப்படிக்கு,
மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பாதிக்கப்பட்டோருக்காக வாதாடும் வழக்கறிஞர்கள் சிலர்